வயித்துப்பாடு: டெல்டா வாசகர்கள் கேள்வியும் பதிலும்

வயிறு, சாப்பாடு பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல ஒரு சின்ன பாக்ஸ் போட்டோம், வந்து குவிஞ்சிருச்சு. முக்காவாசி தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கத்துல இருந்து தான். அதுல ஒரு விசேஷம் என்னன்னா நெறைய பேரு தனக்குன்னு மட்டும் கேக்கல, எங்க குழுவுக்கு என்ன பண்ணலாம், எங்க தெருவுக்கு என்ன பண்ணலாம், ஸ்கூலுக்கு என்ன பண்ணலாம்னு கேட்டிருக்காங்க. இந்த தடவை அந்த மாதிரி கேள்விங்களாவே பொறுக்கி எடுத்துருக்கேன். நான் கிராம சுகாதார நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, டாக்டர் இல்ல. அதையும் மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

அக்கா, எங்க மகளிர் குழுல 14 பேரு. ஒருத்திக்கு மலச்சிக்கல், ஒருத்திக்கு நெஞ்செரிச்சல், ஒருத்திக்கு எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பிக்கிது. குழுவா சேர்ந்து ஒரு மூணு மாசம் எதாவது பண்ணலாம்னு பேசிருக்கோம். சிறுதானியம் மொத்தமா வாங்குறதா, யோகா க்ளாஸ் வைக்கிறதா, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?
(பாபநாசம் பக்கத்து வாசகி)

சிறுதானியமும் நல்லது யோகாவும் நல்லது தங்கச்சி, ஆனா ரெண்டும் அப்பறம். மொதல்ல தண்ணி.

உங்க தெருவுக்குத் தண்ணி வர்ற மேல்நிலைத் தொட்டியைக் கடைசியா எப்ப கழுவுனாங்க? தொட்டி ஆபரேட்டரைக் கேளுங்க, தேதி தொட்டியிலயே எழுதிருக்கணும். குளோரின் போடுறாங்களா, கடைசி வீட்டுக் குழாய்க்கு வரும்போது அது மிச்சம் இருக்கான்னு பாக்கணும், குறைஞ்சது 0.2 பிபிஎம், அதாவது ஒரு லிட்டருக்கு 0.2 மில்லி கிராம் இருக்கணும்னு கணக்கு. சின்ன டெஸ்ட் கிட்ல ரெண்டு சொட்டு விட்டா கலர் மாறும், சுகாதார ஆய்வாளர்கிட்ட கேட்டா வந்து பாத்துக் குடுப்பாரு. இதை ஒருத்தி தனியா போய்க் கேட்டா "பாக்கலாம்மா"ன்னு சொல்லி அனுப்பிருவாங்க, பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டு கிராம சபையில குடுத்தா மினிட்ஸ்ல ஏறும், ஏறிருச்சுன்னா யாராவது பதில் சொல்லியே ஆகணும். குழுன்னு ஒண்ணு இருக்குறதோட பலனே இங்க தான். வீட்டுல தனியா உக்காந்து வெந்நீர் குடிச்சுக்கிட்டு இருந்தா உன் வயிறு மட்டும் தான் தப்பிக்கும், உன் புள்ள அடுத்த வீட்டுல போய் தண்ணி குடிக்குமே.

அடுத்தது தட்டு. நம்ம டெல்டாவுல காலையில இட்லி தோசை, மதியம் சோறு, ராத்திரி மிச்சச் சோறு இல்லன்னா திரும்ப தோசை. மூணு வேளையும் அரிசி தான். ஒரு நாளைக்கு ஒரு பெரிய ஆளுக்கு குறைஞ்சது 25 கிராம் நார்ச்சத்து வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரு கப் வெள்ளைச் சோத்துல ஒண்ணு ரெண்டு கிராம் தேறுனாலே அதிகம். ஆனா ஒரு கப் வெந்த பச்சைப்பயறுல 15 கிராம் கிட்ட இருக்கு. நம்ம குடல்ல இருக்குற கோடிக்கணக்கான பாக்டீரியாவுக்கு அந்த நார் தான் சாப்பாடு, அதைத் தின்னு அது ப்யூட்டிரேட்னு ஒரு அமிலம் விடுது, பெருங்குடலோட உள்சுவர்ல இருக்குற செல்லுங்க அதை வச்சுத் தான் பொழைக்குது. நாம வெள்ளைச் சோத்தை மட்டும் அனுப்புனா அது மேலயே ஜீரணமாகி சர்க்கரையா ரத்தத்துல போயிரும், கீழ இருக்குறவனுக்கு பட்டினி.

இதுல எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆத்தாமை உண்டு. சம்பா தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளு முன்னாடி, நிக்கிற நெல்லுக்குள்ளயே ஈரத்துல உளுந்தும் பச்சைப்பயறும் வெதைச்சு விடுறது நம்ம ஊரு வழக்கம். தைல வெதைச்சா சித்திரைக்குள்ள கைக்கு வந்துரும். அப்படி நம்ம வயல்லயே வெளையிற பயறை அப்படியே மூட்டை கட்டி யாவாரிக்குப் போட்டுட்டு, வீட்டுக்கு ரேஷன் துவரம்பருப்பை எதிர்பார்த்து நிக்கிறோம். அதனால நான் சொல்ற திட்டம் ஒண்ணே ஒண்ணு தான், பேரு வேணும்னா பயறுச் சீட்டுன்னு வச்சுக்குங்க. அறுப்பு சமயத்துல நெலம் இருக்குறவங்க வீட்டுக்கு ஒரு மரக்கால் பயறு குழுவுக்குன்னு ஒதுக்கணும், நெலம் இல்லாதவங்க குழு சேமிப்புல இருந்து களத்து மேட்டு வெலைக்கே வாங்கிக்கட்டும். நல்லா காய வச்சு வேப்பிலை போட்டு ஒரு டின்னுல அடைச்சு ஒருத்தர் வீட்டுல வச்சிருங்க. வாரத்துல ரெண்டு சாயங்காலம் ஒரு வீட்டு வாசல்ல சுண்டல் சட்டி ஏறணும், முறை வச்சு மாத்திக்குங்க. கூட்டமும் அங்கயே நடக்கட்டும், வட்டி வரவு பேசுற நேரத்துல கையில சுண்டல் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை, சாமி. மொத நாளே ஒரு சொம்பு சுண்டல் தின்னுட்டு ராத்திரி பூரா வயிறு கடாமுடான்னுச்சுன்னு என்னைத் திட்டாதீங்க. நார்ச்சத்தைப் பழக்கம் இல்லாத வயித்துக்கு மெதுவா ஏத்தணும், மொத வாரம் ஒரு கைப்பிடி, அப்பறம் ரெண்டு கைப்பிடி, தண்ணியும் கூட சேர்த்துக் குடிக்கணும். ராத்திரியே ஊற வச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேக வச்சா வாயுத் தொல்லை கொறையும். வயிறு உப்புற அந்தப் பொண்ணு இன்னும் மெதுவா போகட்டும்.

கீரை உங்களுக்குச் சொல்லணுமா, வாய்க்கா ஓரத்துல வல்லாரை, பொன்னாங்கண்ணி, கொல்லையில மணத்தக்காளி, வேலியில முடக்கத்தான்னு இருக்கு. வாழைத்தண்டும் பூவும் திருவையாறு பக்கம் லாரி லாரியா போவுது. ஆனா வரப்புல பறிக்கிறதுக்கு முன்னாடி அந்த வயல்ல களைக்கொல்லி அடிச்சாங்களான்னு வயல்காரரைக் கேட்டுட்டுப் பறிங்க, இதை யாரும் சொல்றதே இல்ல.

அப்பறம் நோட்டு. எடை மிஷின் வாங்கி ஆளாளுக்கு ஏறி நிக்க வைக்காதீங்க, ரெண்டாவது வாரத்துல இருந்து குண்டா இருக்குறவங்க வர மாட்டாங்க. அதுக்குப் பதிலா ஒவ்வொருத்தரும் தனித் தனி நோட்டுல மூணு விஷயம் எழுதட்டும், இந்த வாரம் எத்தன நாளு சுலபமா வெளிக்குப் போச்சு, எத்தன கேஸ் மாத்திரை வாங்குனேன், எத்தன நாளு கீரையோ பயறோ சாப்பிட்டேன். 1997ல இங்கிலாந்துல பிரிஸ்டல் டாக்டருங்க மலத்தை ஏழு வகையா பிரிச்சு ஒரு படம் போட்டாங்க, ஆட்டுப் புழுக்கை மாதிரி கட்டி கட்டியா இருந்தா ஒண்ணாம் நம்பர், தண்ணியா போனா ஏழாம் நம்பர், மூணும் நாலும் நல்லது. அதைக் கூட்டத்துல காட்டுனா மொத கால் மணி நேரம் சிரிச்சுக்கிட்டே தான் இருப்பாங்க, சிரிக்கட்டும், சிரிச்சு முடிச்சப்பறம் தான் உண்மையான பேச்சு வரும். ஒரு நாளைக்கு மூணு தடவையில இருந்து வாரத்துக்கு மூணு தடவை வரைக்கும் போறது எல்லாமே சரி தான்னு தெரியும்போதே பாதி பேருக்குக் கவலை போயிரும்.

சிறுதானியம் நாலாவது மாசம் பாத்துக்கலாம்.

எங்க அம்மா நடவு, களையெடுப்புக்குப் போறாங்க. விடியக்காலம் ஒரு டீயோட கெளம்புனா பதினோரு மணிக்குத் தான் சாப்பாடு. எப்பவும் நெஞ்செரிச்சல், மெடிக்கல்ல கேஸ் மாத்திரை வாங்கித் தினம் போட்டுக்கிறாங்க, ரெண்டு வருஷமா. கூட வேலை பாக்குற எல்லாரும் இப்படித் தான்னு சொல்றாங்க. இது நல்லதா?
(நன்னிலம் வாசகி)

நல்லது இல்லம்மா. ஆனா மாத்திரையைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி இன்னொரு மாத்திரை பத்திக் கேக்குறேன், ராத்திரி இடுப்பு வலி, முட்டி வலிக்குன்னு எதாவது போடுறாங்களா? கண்டிப்பா போடுவாங்க. நாள் பூரா குனிஞ்சு நாத்து நட்ட ஒடம்பு, கடையில ரெண்டு கலர் மாத்திரை மடிச்சுக் குடுப்பாங்க, அதுல ஒண்ணு டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையா இருக்கும். வெறும் வயித்துல அதைப் போட்டுட்டு அது வயித்தை அரிக்க, அந்த அரிப்புக்கு கேஸ் மாத்திரை, இப்படித் தான் சுத்திக்கிட்டே இருக்குது. வயித்துப் புண்ணுக்குக் காரணம் காரமும் புளியும்னு நாம காலங்காலமா மொளகாயைத் திட்டிக்கிட்டு இருக்கோம், நெஜத்துல பெரிய காரணம் ரெண்டு, ஒண்ணு இந்த வலி மாத்திரை, இன்னொண்ணு ஹெலிகோபேக்டர் பைலோரின்னு ஒரு பாக்டீரியா. ஆஸ்திரேலியாவுல பாரி மார்ஷல்னு ஒரு டாக்டர் யாரும் நம்ப மாட்டேங்குறாங்கன்னு அந்த பாக்டீரியாவைத் தானே குடிச்சு வயித்தைக் கெடுத்துக்கிட்டு நிரூபிச்சாரு, அவருக்கும் கூட வேலை பார்த்த ராபின் வாரனுக்கும் 2005ல நோபல் குடுத்தாங்க. அந்தக் கிருமி இருந்தா ரெண்டு வாரம் போல ஆன்டிபயாடிக் சேர்த்து டாக்டர் குடுக்குற கோர்ஸ் முடிச்சா சரியாகும், கேஸ் மாத்திரையை மட்டும் ஆயுசுக்கும் முழுங்குனா சரியாகாது.

பேன்டப்ரசோல், ஒமிப்ரசோல்னு வர்ற கேஸ் மாத்திரை எல்லாம் நல்ல மருந்து தான், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடணும், பெரும்பாலும் சில வாரத்துக்குத் தான் எழுதுவாங்க. வருஷக்கணக்கா போட்டா பி12 கொறையலாம், கை கால் மதமதப்பு வரலாம். ஆனா நீங்க இதைப் படிச்ச ஒடனே அம்மாவோட மாத்திரையைப் பிடுங்கிக் கொல்லையில எறியாதீங்க, பட்டுனு நிறுத்துனா அமிலம் திடீர்னு ஜாஸ்தியாகி முன்னாடி விட மோசமா எரியும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர் சொல்ற மாதிரி கொறைங்க. மலம் தார் மாதிரி கருப்பா போனாலோ, எளைச்சுக்கிட்டே வந்தாலோ, சாப்பாடு முழுங்க சிரமமா இருந்தாலோ நாள் தள்ளவே கூடாது.

இப்ப குழு விஷயம். நடவு ஆளுங்க ஒரு செட்டாத் தான் போவாங்க, ஒரு கொத்துக்கு பத்து இருபது பேரு. அந்த செட்டே ஒரு நல்ல குழு தான், தனியா ஆரம்பிக்க வேண்டியதே இல்ல. வயலுக்கு எறங்குறதுக்கு முன்னாடி ஒரு பெரிய தூக்குல கம்பங்கூழோ, மோர் ஊத்துன பழையசோறோ முறை வச்சு ஒருத்தர் கொண்டு வந்தா எல்லாரும் ஏழு மணிக்கு ஒரு வாய் சாப்பிட்டுட்டு எறங்கலாம். இன்னொண்ணு நெறைய பேரு வாய விட்டுச் சொல்ல மாட்டாங்க, வயக்காட்டுல ஒதுங்க எடம் இல்லன்னு பொம்பளைங்க காலையில இருந்தே தண்ணி குடிக்கிறது இல்ல. மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் பாதி அதுல இருந்து தான் வருது. இதுக்கு எந்தக் கீரையும் மருந்து இல்ல. வயல்காரரு மோட்டார் கொட்டகை ஓரத்துல நாலு கம்பு நட்டு கீத்து வச்சு ஒரு மறைப்பும் ஒரு பக்கெட் தண்ணியும் ஏற்பாடு பண்ணட்டும், செட்டா சேர்ந்து கேட்டா குடுப்பாங்க, நடவு சீசன்ல ஆளு கெடைக்காம அவங்க தானே அலையிறாங்க.

ப்ரோபயாட்டிக் டிரிங்க் தினம் ஒரு சின்ன பாட்டில் குடிக்கிறேன். ஃப்ரெண்டு ஒருத்தன் இட்லியே ப்ரோபயாட்டிக் தான்டா, காசை வேஸ்ட் பண்ணாதங்கறான். யாரு சொல்றது கரெக்ட்?
(கும்பகோணம் காலேஜ் வாசகர்)

உங்க ஃப்ரெண்டு பாதி கரெக்ட் தம்பி. ப்ரோபயாட்டிக்னா உசுரோட இருக்குற நல்ல பாக்டீரியா. மாவு புளிக்கிறப்ப அதுல லாக்டிக் அமில பாக்டீரியா நெறைய இருக்கு, லூக்கோநாஸ்டாக்னு ஒண்ணு தான் மாவைப் பொங்க வைக்கிறதே. ஆனா ஆவியில பத்து நிமிஷம் வேக வச்சப்பறம் எதுவும் உசுரோட இருக்காது. அதனால இட்லி ஜீரணத்துக்கு நல்லது, உளுந்துல சத்து நல்லா கெடைக்குது, ஆனா உயிரோட பாக்டீரியா வேணும்னா மோர், தயிர், பழையசோறு தான். பாட்டில்ல கெட்டது ஒண்ணும் இல்ல, சக்கரை எவ்வளவுன்னு லேபிள்ல பாத்துக்குங்க. ஹாஸ்டல்ல பத்து பேரு சேர்ந்து ஒரு பானை மோர் வாங்குனா எவ்வளவு ஆகும்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க, நான் சொல்ல வேண்டியதில்ல.

நான் 68 வயசு விவசாயி. சக்கரை இருக்கு. பழையசோறு குடலுக்கு அமிர்தம்னு பேப்பர்ல போடுறான், சக்கரைக்காரன் சோறே திங்காதன்னு டாக்டர் சொல்றாரு. எங்க ஊருல பொங்கல் முடிஞ்சு எல்லாருக்கும் பாரம்பரிய நெல்லுல பழையசோறு போடுற விழா ஒண்ணு நடத்தலாம்னு இருக்கோம். என்ன சொல்றீங்க?
(திருத்துறைப்பூண்டி வாசகர்)

ஐயா, மொதல்ல விழா, அப்பறம் உங்க சக்கரை. திருத்துறைப்பூண்டிக்காரருக்கு நான் நெல்லைப் பத்திச் சொல்லிக் குடுக்கவா, நெல் ஜெயராமன் ஐயா நெல் திருவிழா நடத்துன மண்ணு. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் எல்லாத்தையும் ஜாஸ்தி பாலிஷ் போடாம குத்துனா தவிடு தங்கும், நாரும் தங்கும். நல்லா தீட்டி வெள்ளையாக்கிட்டா எந்த ரகமா இருந்தாலும் ஒண்ணு தான், பேருக்குத் தான் பாரம்பரியம். இதை விழா மேடையில கண்டிப்பா சொல்லுங்க, ஏன்னா பாரம்பரிய அரிசின்னு வெலை ஏத்தி வச்சு பளபளன்னு வெள்ளையா விக்கிறாங்க.

ஒரு கதை சொல்றேன். இப்ப ஐதராபாத்துல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918ல நம்ம குன்னூர்ல தான் பொறந்துச்சு, வைட்டமின் பி1 கொறைஞ்சா வர்ற பெரிபெரி நோயை ஆராய ஒத்த ரூம்ல மெக்கரிசன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஆரம்பிச்சாரு. அவரு எலிகளுக்கு நாட்டுல ஒவ்வொரு பகுதிக்காரங்க சாப்பாட்டையும் தனித் தனியா குடுத்துப் பாத்தாரு, கோதுமை ரொட்டி, பாலு, பயறு, காய்னு வடக்க சீக்கியர் சாப்பாடு தின்ன எலி நல்லா கொழுகொழுன்னு வளந்துச்சு, அரிசியே பிரதானமா நம்ம மெட்ராஸ் சாப்பாடு தின்னது வளரவே இல்ல. கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு, தட்டு பெருசா மாறலையேன்னு தான் எனக்குத் தோணுது.

பழையசோத்துக்கு வருவோம். சோத்துல தண்ணி ஊத்தி ராத்திரி பூரா வச்சா லாக்டிக் பாக்டீரியா வளந்து லேசா புளிக்குது. ஆறுன சோத்துல கொஞ்சம் மாவுச்சத்து ஜீரணமாகாத வகையா மாறிடும், அது நார் மாதிரி பெருங்குடலுக்குப் போகும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில குடல் அழற்சி நோயாளிங்களுக்கு இது ஒதவுதான்னு ஆராய்ச்சிக்கே எடுத்தாங்க. அதனால ஆகாதுன்னு தள்ளி வைக்கவும் வேண்டாம், அமிர்தம்னு தலையில தூக்கி வைக்கவும் வேண்டாம். சோறு ஆறுனாலும் சோறு தான், சக்கரை ஏத்தத் தான் செய்யும், என்ன கொஞ்சம் மெதுவா. நீங்க ஒரு கையளவு சோறு, நெறைய நீராகாரம், கெட்டி மோரு, சின்ன வெங்காயம், கூட ஒரு கிண்ணம் பயறு, இப்படிச் சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு சக்கரை பாருங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வர்ற அம்மாகிட்டயே சொன்னா பாத்துச் சொல்லிருவாங்க. உங்க மீட்டர் சொல்றதைத் தான் உங்க டாக்டரும் கேப்பாரு. தொட்டுக்க ஊறுகா, கருவாடுன்னு உப்பைக் கூட்டிறாதீங்க, ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குக் கீழ இருக்கணும், பிபி இருந்தா இன்னும் கவனம்.

விழாவுல ஊருக்கே வைக்கும்போது ஒரு விஷயத்துல கறாரா இருங்க, சோறு வடிச்சு ஆறுன ஒடனே தண்ணி ஊத்தணும், ஊத்துற தண்ணி கொதிச்சு ஆறுனதா இருக்கணும், அண்டாவுக்கு மூடி வேணும். சாயங்காலம் வரைக்கும் வெறும் சோத்தைத் தொறந்து போட்டு வச்சு அப்பறம் தண்ணி ஊத்துனா வேற கிருமி வளந்து மறுநாள் ஊரே வாந்தி எடுக்கும்.

எங்க தெருவுல வெல்னஸ் க்ளப்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க. காலையில போனா ஷேக் குடுத்து எடை பாக்குறாங்க, குடல் சுத்தம் ஆகும்னு ஒரு பவுடர் விக்கிறாங்க, மாசம் பல ஆயிரம் ஆகுது. ஆளு சேர்த்து விட்டா கமிஷனாம். சேரலாமா?
(மன்னார்குடி வாசகி)

வேண்டாம்மா. ஆளு சேர்த்தா கமிஷன்னு சொன்ன எடத்துலயே அது யாவாரம்னு தெரிஞ்சு போச்சே. குடலைச் சுத்தம் பண்ண வெளியில இருந்து பவுடர் தேவையில்ல, பயறும் தண்ணியும் நடையும் போதும். அங்க ஒரு நல்ல விஷயம் உண்டு, தெனம் காலையில நாலு பொம்பளைங்க ஒண்ணா கூடிப் பேசுறாங்க, அதுக்காகத் தான் பாதி பேரு போறாங்க. அதை அந்த ஷேக் இல்லாம பெரிய கோயில் தெப்பக்குளத்தைச் சுத்தி நடந்துக்கிட்டே பண்ணலாம். ஹரித்ராநதி மாதிரி ஒரு கொளத்தை வச்சுக்கிட்டு மன்னார்குடிக்காரங்க க்ளப்புக்குக் காசு கட்டுறதா?

ஆரம்பப் பள்ளி ஆசிரியை நான். காலை உணவு வந்தப்பறம் பிள்ளைங்க மயங்கி விழுறது இல்ல, ஆனா வயித்து வலின்னு அடிக்கடி சொல்லுதுங்க. பெற்றோரைச் சேர்த்து எதாவது செய்ய முடியுமா?
(மயிலாடுதுறை வாசகி)

டீச்சர், 2023 ஆகஸ்ட்ல காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசு ஆரம்பப் பள்ளிக்கும் விரிச்சதே நம்ம திருக்குவளையில இருந்து தான். உப்புமா, கிச்சடி, பொங்கல் கூட காய் போட்ட சாம்பார்னு மெனு இருக்கு. பிள்ளைங்க சாம்பார்ல கெடக்குற காயை ஒதுக்கி வச்சிருதுங்களா பாருங்க. வீட்டுல காயே பாக்காத புள்ள ஸ்கூல்ல திங்காது, இதுக்குத் தான் பெற்றோர் கூட்டம் வேணும்.

வயித்து வலிக்கு மொதல்ல பூச்சியைச் சந்தேகப்படுங்க. பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்லயும் குடற்புழு நீக்க நாள் வருதுல்ல, அல்பெண்டசோல் 400 மில்லி கிராம் மாத்திரை, சப்பிக் கடிச்சு முழுங்கணும். அன்னிக்கு லீவு போட்ட பிள்ளைங்க லிஸ்ட்டை வச்சுக்கிட்டு அடுத்த வாரம் குடுக்குற நாள்ல பிடிங்க, அந்த லிஸ்ட்ல இருக்குறதுங்களுக்குத் தான் பெரும்பாலும் பூச்சி இருக்கும். கொக்கிப் புழு வெறுங்கால் வழியா தோலுக்குள்ள ஏறி குடல்ல ரத்தம் குடிக்கும், சோகை வந்துரும், அதனால கக்கூஸ் வாசல்ல நாலு ஜோடி பழைய செருப்பு போட்டு வைங்க, பெற்றோர் ஆசிரியர் கழகத்துல (பிடிஏ) கேட்டா வாங்கித் தருவாங்க. சாப்பாட்டு க்யூவுக்கு முன்னாடி சோப்பு ஒரு வலைப் பையில கட்டித் தொங்கட்டும், திருடுப் போவாது. அப்பறம் இன்னொண்ணு, ஸ்கூல் கக்கூஸ் நாத்தம்னு பிள்ளைங்க அடக்கி வச்சிருந்து வீட்டுக்குப் போய்த் தான் போகும், அடக்கி அடக்கி மலம் இறுகி வலி வரும். கக்கூஸ் கழுவுற ஆளுக்கு சம்பளம் ஒழுங்கா போவுதான்னு பாக்குறதும் வயித்து வைத்தியம் தான் டீச்சர்.

2022ல இங்க காலரா வந்து ஊரே ஆடிப் போச்சு. இப்பவும் மழை வந்தா பயமா இருக்கு. தெருவா என்ன தயாரா இருக்கலாம்?
(காரைக்கால் வாசகர்)

அந்த ஜூலையில பொது சுகாதார அவசர நிலையே அறிவிச்சாங்க, மறக்க முடியுமா. காலரா கிருமி பெரும்பாலும் குடி தண்ணியில மலம் கலந்து தான் பரவும், அதனால சாக்கடைக்கு ஓரமா, சாக்கடைக்குள்ளயே ஓடுற குழாய் எந்த எந்த எடத்துல இருக்குன்னு தெருக்காரங்களே ஒரு பேப்பர்ல படம் போட்டு வைங்க. வீட்டு மோட்டாரை நேரா பொதுக் குழாய்ல போட்டு உறிஞ்சுறதை நிறுத்தச் சொல்லுங்க, அந்த உறிஞ்சல்ல தான் ஓட்டை வழியா சாக்கடை உள்ள வரும். இது பக்கத்து வீட்டுக்காரரோட சண்டை வர்ற விஷயம், அதனால ஒருத்தரா சொல்லாம தெரு சங்கமா சொல்லுங்க.

தெருவுக்கு ஒரு வீட்டுல ஓஆர்எஸ் (உப்பு சக்கரைக் கரைசல்) பாக்கெட் இருபது, ஜிங்க் மாத்திரை கொஞ்சம் இருக்கட்டும். பெரிய பாக்கெட்டு ஒரு லிட்டர் தண்ணிக்கு முழுசா போடணும், அரை பாக்கெட்டை ஒரு டம்ளர்ல போடுறது தப்பு, கலக்குனது 24 மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாது. பாக்கெட் இல்லன்னா ஒரு லிட்டர் கொதிச்சு ஆறுன தண்ணியில ஆறு டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தட்டையா தலை தட்டி. கொழந்தை கண்ணு குழிஞ்சு போயோ, சோர்ந்து தூங்கிக்கிட்டேவோ இருந்தா அதைக் குடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க.

எங்க ஊரு ஆம்பளைங்க எந்தக் கூட்டத்துக்கும் வர மாட்டாங்க. டீக்கடையில போண்டாவும் பரோட்டாவுமா போவுது. அவங்களை எப்படி இழுக்கறது?
(ஒரத்தநாடு வாசகி)

இழுக்காதீங்க, நீங்க டீக்கடைக்குப் போங்க. டீக்கடைக்காரர்கிட்ட பேசி போண்டா தட்டு பக்கத்துல ஒரு தட்டு சுண்டல் வைக்கச் சொல்லுங்க, மொத ரெண்டு வாரம் விக்காம மிஞ்சுனா குழு வாங்கிக்கிறோம்னு சொல்லுங்க. கூட்டத்துக்கு வராதவன் அஞ்சு மணிக்கு டீக்கு வருவான், கையில எது கெடைக்குதோ அதைத் திம்பான்.

ஆறு மாசத்துக்கு ஒருக்க பேதிக்குச் சாப்பிடணும்னு எங்க மாமியார் சொல்றாங்க. (வலங்கைமான்)

தேவையில்ல. பெரியவங்களுக்கும் கர்ப்பிணிக்கும் கொழந்தைக்கும் ஒடம்புல நீர் வத்தி ஆபத்தே ஆகலாம். அப்படி மாமியாருக்கு மனசு கேக்கலன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல சித்தா டாக்டர் இருந்தா அவங்களைப் பாக்கச் சொல்லுங்க, நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க.

குழுக் கூட்டத்துல நோட்டு எழுதும்போது ஒரு அக்கா மலத்துல ரத்தம் போவுதுன்னு மெதுவா சொன்னாங்க. மூலமா இருக்கும்னு எல்லாரும் கை வைத்தியம் சொல்லிட்டாங்க. நான் ஊக்குநர், என்ன செய்யணும்?
(திருவிடைமருதூர் வாசகி)

மூலமாவே இருக்கலாம், பெரும்பாலும் அதான் இருக்கும். ஆனா பாக்காம யாராலயும் சொல்ல முடியாது, 45, 50 வயசுக்கு மேல புதுசா ரத்தம் போனாலோ, போற பழக்கம் திடீர்னு மாறுனாலோ, ரத்தம் கொறைஞ்சு வெளுத்துப் போயிருந்தாலோ பெருங்குடல் புத்துநோயா இல்லங்கிறதைப் பாத்தே ஆகணும். துத்தியும் கருணைக்கெழங்கும் அப்பறம் சாப்பிட்டுக்கலாம். அந்த அக்கா தனியா போக மாட்டாங்க, வெக்கம் ஒரு பக்கம், கூலி போயிருமேன்னு ஒரு பக்கம். அவங்களுக்கு ஒரு நாள் கூலியைக் குழு சேமிப்புல இருந்து குடுக்கறதுன்னு தீர்மானம் போடுங்க, நீங்க ஒருத்தர் கூடப் போங்க. மொதல்ல உங்க அரசு ஆஸ்பத்திரி, அங்க எழுதிக் குடுத்தா தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ். பழைய மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துக்குங்க, அடையாள அட்டை, காப்பீட்டு அட்டையும். பொம்பளை டாக்டர் வேணும்னு கேக்க அவங்களுக்கு உரிமை இருக்கு, கூச்சப்பட்டா நீங்க கேளுங்க. ரிசல்ட் என்னன்னு அடுத்த கூட்டத்துல யாரும் கேக்கக் கூடாது, அவங்களா சொன்னா சொல்லட்டும்.